இருபத்தேழாம் மூக்கு

என் நாத்தனார் என்னோடு பேசுவதை நிறுத்தி மூன்று வருடம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை இரண்டு பைகளோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கதவைத் திறந்தது நான்தான்.

"அண்ணன் இருக்காரா?" என்று கதவு நிலையைப் பார்த்துக் கேட்டாள்.

"குளிக்கறார்" என்று நானும் அந்த நிலையிடமே சொன்னேன்.

பைகளை என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். என் கணவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். தங்கையைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார், கடைசியில் என் முகத்தைப் பார்த்தார். துவட்டுவதை நிறுத்திவிட்டார்.

"தனியாப் படுக்க பயமா இருக்குண்ணா. கண்ணை மூடினா மூச்சு நின்னுடுற மாதிரி இருக்கு. கொஞ்ச நாள் இங்க இருக்கேன், உனக்கு இஷ்டம்னா."

அந்த 'உனக்கு' என்னைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னது.

அவள் என் கணவருக்கு நான்கு வயது இளையவள். கதவு ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில், மரப்பலகையை வழவழப்பாகத் தேய்த்தெடுக்கும் பிரிவில் பதினோரு வருடமாக வேலை. பன்னிரண்டு பேருக்கு மேலாள். இயந்திரங்களின் சத்தத்தை மீறிக் கூப்பிட்டுப் பழகியதால் அங்கே அவளுக்குச் 'சைரன்' என்று பெயர். வீட்டிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கல்யாணம் இரண்டு வருடத்தில் முறிந்துபோனது. அதைப் பற்றி யாரும் அவளிடம் பேசத் துணிந்ததில்லை.

எனக்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. மனித மூக்குக்குள் காற்று எந்த வழியாகப் போகிறது, அதோடு போகும் தூசு எங்கெங்கே ஒட்டுகிறது என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். கல்யாணமான புதிதில் இதை நான் விளக்கியபோது, "மூக்கைக் குடையறதுக்கு எதுக்கு அண்ணி கம்ப்யூட்டர்? விரல் பத்தாதா?" என்று கேட்டு வீட்டுக் கூடம் முழுவதையும் சிரிக்க வைத்தவள் சைரன்தான். அன்று நானும் சிரித்தேன்.

எங்களைப் பிரித்தது என் மாமியாரின் சாவு. அவருக்கு இரண்டு நாளாக மூச்சு வாங்கியது. மூக்கு அடைத்திருக்கிறது, சளிதான் என்று நான் ஆவி பிடிக்கச் சொன்னேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இதயம் என்றார்கள். மாலைக்குள் முடிந்துவிட்டது. அந்த ஆஸ்பத்திரி நடைபாதையில், உறவுக்காரர்கள் அத்தனை பேர் முன்னால், சைரன் தன் முழுக் குரலில் கேட்டாள்: "ஊரார் மூக்கையெல்லாம் ஆராய்ச்சி பண்றீங்களே, வீட்டுல ஒரு மனுஷிக்கு மூச்சு முட்டறது தெரியலையா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "உங்கம்மாவை நீ வந்து பார்த்து எத்தனை மாசமாச்சு? அதை முதல்ல சொல்லு" என்றேன்.

நாங்கள் இருவரும் சொன்னது உண்மைதான். அதனால் இருவராலும் திரும்ப எடுக்க முடியவில்லை.

இப்போது அவள் எங்கள் வீட்டுப் பின்னறையில். இரண்டு பெண்களும் ஒரே கூரைக்கடியில் இருந்துகொண்டு, நடுவில் ஒரு மனிதனைத் தபால்காரனாக்கி வைத்திருந்தோம். "தண்ணி சூடா இருக்கான்னு கேளுண்ணா." "இருக்குன்னு சொல்லுங்க." மூவரும் ஒரே மேஜையில் உட்கார்ந்துதான் இந்தப் பேச்சு. நான்காம் நாள் அவர் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சைரனுக்கு வருடக்கணக்காக மூக்கடைப்பு. மரத்தூளில் நிற்பவர்களுக்கு வருவதுதான். பதினான்கு மாதத்துக்கு முன் அறுவை செய்துகொண்டாள். மூக்கின் பக்கச் சுவர்களிலிருந்து, சுருட்டி விட்ட திரைபோலச் சதை மடிப்புகள் உள்ளே தொங்கும். அவைதான் வீங்கி வழியை அடைக்கின்றன என்று சொல்லி, கீழ் மடிப்புகளை இரண்டு பக்கமும் வெட்டி எடுத்தார் மருத்துவர். அதன் பிறகுதான் தொல்லை. மூச்சு வரவில்லை என்கிறாள். மருத்துவர் குழாய் விட்டுப் பார்த்தார். மூக்கு வாசற்கதவு மாதிரித் திறந்து கிடந்தது. மறுபடியும் போனாள். மறுபடியும் திறந்தே கிடந்தது. ஐந்தாம் தடவை அவர் ஒரு மனநல மருத்துவரின் விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

என் கணவர் இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என்னிடம் சொல்லிவிட்டு, ஸ்கேன் பதிந்த சி.டி.யை மேஜையில் வைத்தார்.

"நீ ஒரு தடவை பாரேன்."

"நான் டாக்டர் இல்லை."

"அது தெரியும். உன் கணக்குல பாரு. உனக்காக வேண்டாம், அவளுக்காகவும் வேண்டாம். எனக்காகப் பாரு. ரெண்டு பேருக்கும் நடுவுல எனக்குத்தான் இப்ப மூச்சு முட்டுது."

நான் ஒப்புக்கொண்டதற்கு அவர் காரணமல்ல. சைரன் நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். தாயின் மூச்சைக் கவனிக்கவில்லை என்று என்னைக் குத்தியவள், இப்போது தன் மூச்சை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று பட்டது. கணக்குப் போட்டு, படம் எடுத்து, "இதோ பார், காற்று ஆறாக ஓடுகிறது" என்று அவள் முன்னால் வைக்க வேண்டும். அவள் மூக்கை உடைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வராது.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் வேலையைத் தொடங்கினேன். ஸ்கேன் என்பது தலையை மெல்லிய வில்லைகளாக நறுக்கி எடுத்த சில நூறு படங்கள். ஒவ்வொன்றிலும் காற்று இருக்கும் இடத்துக்கு மட்டும் நிறம் கொடுத்து, எல்லாவற்றையும் அடுக்கினால் மூக்கின் உட்குடைவு ஓர் உருவமாக எழுந்து நிற்கும். அதை நாற்பது லட்சம் நுண்ணிய அறைகளாகப் பிரித்து, ஒவ்வோர் அறையிலும் காற்றின் வேகமும் அழுத்தமும் என்ன என்று கம்ப்யூட்டரைக் கணக்கிடச் சொல்ல வேண்டும்.

அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. உருவம் திரையில் எழுந்ததுமே என் கை நின்றுவிட்டது.

எனக்கு அந்த மூக்கைத் தெரியும்.

மற்றவர்களுக்கு முகம் நினைவிருப்பது போல எனக்கு மூக்குகள் நினைவிருக்கும். இரண்டு துவாரங்களுக்கும் இடையிலுள்ள நடுத்தட்டு இடப்பக்கம் வளைந்து, வளைவின் முனையில் முள்போல ஓர் எலும்பு. கன்ன எலும்புக்குள் இருக்கும் காற்றறைகளில் வலப்பக்கத்தது மற்றதைவிடச் சிறியது. மருத்துவர் ஒருவர் எங்களுக்கு, அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த நாற்பது பேரின் ஸ்கேன்களைக் கொடுத்திருந்தார். பெயரை நீக்கி எண் மட்டும் போட்டவை. அவற்றை வைத்துத்தான் இரண்டு வருடமாக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தோம். பழைய கோப்பைத் திறந்து இரண்டு உருவங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தேன். மயிரிழை விலகவில்லை.

அது இருபத்தேழாம் எண். நாற்பதிலும் சிறந்த மூக்கு என்று நானே கையெழுத்திட்ட மூக்கு.

அந்தக் கட்டுரையில் நாங்கள் அளந்தது அழுத்தத்தை மட்டும்தான். காற்றை உள்ளே இழுக்க எவ்வளவு சிரமப்பட வேண்டியிருக்கிறது என்பதை. இருபத்தேழில் அந்தச் சிரமம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது. எங்கள் துறைத்தலைவர் மகிழ்ந்துபோய் அதன் முன்-பின் படத்தை ஆளுயரத்துக்கு அச்சடித்து, மாடி நடைபாதையில் மாட்டி வைத்திருந்தார். மூன்று மாதமாகத் தினமும் காலையில் அதைக் கடந்துதான் நான் என் அறைக்குப் போகிறேன். என் நாத்தனாரின் மூக்கை.

எழுந்து போய் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். 'முன்' என்ற பக்கம் கோணல்மாணலாக, நூல்நூலாகக் காற்று. 'பின்' என்ற பக்கம் அகலமாக, நீலமாக, தங்குதடையில்லாத ஒரே ஓட்டம். அழகாக இருந்தது. அவள் நடிக்கிறாள் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனால் அந்த 'ஒரே ஓட்டம்' உறுத்தியது.

காற்று போவதை மூக்கு எப்படி உணர்கிறது என்பது எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். காற்று சுவரில் உரசும்போது சுவர் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியைத்தான் 'மூச்சு வந்தது' என்று மூளை எடுத்துக்கொள்கிறது. தெரிந்திருந்தும் நாங்கள் அதைக் கணக்கிடவில்லை. கணக்கு நீளும், கட்டுரை தள்ளிப்போகும் என்று விட்டுவிட்டோம். விட்டுவிடலாம் என்று சொன்னது நான்.

சூட்டையும் ஈரத்தையும் சேர்த்து மறுபடி ஓடவிட்டேன். இரண்டு நாள் ஆனது. புதன்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது முடிவு திரையில் இருந்தது.

ஆரோக்கியமான மூக்கில் சுவர் முழுக்கக் குளிர்ச்சி படர்ந்திருக்கும். இருபத்தேழில் முன்பக்கம் காசளவுக்கு ஒரு பொட்டு. அவ்வளவுதான். மடிப்புகள் இல்லாததால் காற்று யாரையும் தொடாமல், ஆளில்லாத கூடத்தில் நடப்பதுபோல நடுவாக நேரே தொண்டைக்குப் போய்க்கொண்டிருந்தது. காற்று போகிறது. போவது அவளுக்குத் தெரியவில்லை. ஒரு நிமிடத்துக்குப் பதினைந்து தடவை, பதினான்கு மாதமாக, மூச்சு வரவில்லை என்று அவள் உடம்பு அவளிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு மரத்தூளையும் அனுப்பிப் பார்த்தேன். பத்து மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுள்ள துகள்கள், ஒரு லட்சம். சாதாரண மூக்கில் நூற்றுக்கு எழுபத்தெட்டு வழியிலேயே ஒட்டிக்கொண்டன. அவளுடையதில் முப்பத்தொன்று. மிச்சமெல்லாம் நேராக நெஞ்சுக்குள். அவள் தினமும் எட்டு மணி நேரம் அந்தத் தூளில் நிற்கிறாள்.

நாற்பது பேருக்கும் அந்தக் குளிர்ச்சிக் கணக்கை ஓடவிடக் கம்ப்யூட்டர்கள் போதவில்லை. அறுவையில் அதிகம் வெட்டப்பட்ட பத்துப் பேருடையதை மட்டும் திங்கட்கிழமையே இவளுடையதோடு சேர்த்துத் தனித்தனிக் கம்ப்யூட்டர்களில் ஓடவிட்டிருந்தேன். இன்னும் மூன்று பேர் சைரனைப் போலவே இருந்தார்கள். ஒன்பது, பதினெட்டு, முப்பத்துமூன்று. அவர்கள் யார் என்று, சைரனுக்கும் அவர்களுக்கும் அறுவை செய்து ஸ்கேன்களைத் தந்த அந்த மருத்துவருக்கு மட்டும்தான் தெரியும்.

அன்று மாலை வீட்டுக்குப் போய்ப் பின்னறைக் கதவைத் தட்டினேன். அவள் ஜன்னலோரம் ஈரத்துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தபால்காரர் இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக நேரே அவளிடம் பேசினேன். எல்லாவற்றையும் சொன்னேன். படத்தையும் காட்டினேன்.

அவள் படத்தை வெகுநேரம் பார்த்தாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன்.

"ஆக, இப்ப நம்பறீங்க."

"ஆமா."

"நான் சொன்னப்ப நம்பலை. உங்க வீட்டுல உக்காந்து மூச்சுக்குத் தவிச்சப்ப நம்பலை. உங்க கம்ப்யூட்டர் பெட்டி சொன்னதும் நம்பறீங்க."

"பெட்டி சொல்லலை. நான் கணக்குப் போட்டேன்."

"எதுக்குப் போட்டீங்க? நான் புளுகறேன்னு காட்டறதுக்குத்தானே?"

நான் படத்தை எடுத்து மடிக்கத் தொடங்கினேன். அதுவே அவளுக்குப் பதிலாகிவிட்டது.

"அந்த நாப்பதுல நான் இருக்கேன்னு எப்ப தெரியும்?"

"திங்கட்கிழமை."

"அதுக்கு முன்னாடி அதை வச்சு என்ன எழுதினீங்க?"

சொன்னேன். நடைபாதையில் தொங்கும் படத்தைப் பற்றியும் சொன்னேன். மறைத்தால் பிறகு தெரியும்போது இன்னும் மோசமாகும் என்று ஒரு கணக்கு.

சைரன் எழுந்து நின்றாள். அறுவைக்குப் பிறகு அவள் குரல் தேய்ந்துபோயிருந்தது. அன்று அது பழையபடி எழுந்தது. "என் அம்மா மூச்சு வாங்கினப்ப சளின்னே. எனக்கு மூச்சு வரலைங்கறப்ப, இதுதான் நல்ல மூக்குன்னு சுவத்துல மாட்டி வச்சிருக்கே. நீ எதைத்தான் பார்த்தே? பதில் சொல்லு! நீ எதைப் பார்த்தே?"

பதினேழு வருடத்தில் அவள் என்னை 'நீ' என்று சொன்னது அன்றுதான். நான் தலைகுனிந்து நின்றேன் என்று நினைக்க வேண்டாம். "கத்தறதுக்கு மட்டும் மூச்சு நல்லா வருது" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அது அவளுக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை.

மறுநாள் துறைத்தலைவரிடம் போனேன். நல்ல மனிதர்தான், எல்லோர் பிறந்தநாளையும் நினைவு வைத்திருப்பவர். நான் சொன்னதைக் கேட்கக் கேட்க அவர் முகம் இறுகியது.

"அழுத்தம் பார்க்கறோம்னு சொன்னோம், அழுத்தம் பார்த்தோம். அதுல தப்பில்லையேம்மா?"

"தப்பில்லை சார். ஆனா அதை வச்சு அறுவை வெற்றின்னு எழுதியிருக்கோம். இந்த நாலு பேருக்கு அது வெற்றி இல்லை."

"நாலு பேரா, உங்க நாத்தனாரா?"

"ரெண்டும்தான்."

"வீட்டுச் சண்டையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுவராதீங்க. அந்த டாக்டர் ஸ்கேன் தரலைன்னா நமக்குக் கையில என்ன இருக்கு? அடுத்த கட்டுரையில பார்த்துக்கலாம்."

"அதுக்குள்ள இதைப் படிச்சுட்டு இன்னும் நாலு டாக்டர் வெட்டுவாங்க. இதுல என் பேர் வேண்டாம், எடுத்துடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போய் யோசிச்சுட்டு வாங்க" என்றார். "யோசிச்சாச்சு" என்றேன். அந்த அறையில் எனக்கு அதற்குப் பிறகு நாற்காலி போடப்படவில்லை.

மருத்துவரிடம் அந்த வார இறுதியில் மூவருமாகப் போனோம். அவர் அறைச் சுவரில் குணமானவர்கள் எழுதிய கடிதங்களைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார். பெரிய உடம்பு, மெல்லிய குரல். என் படங்களை விசிறிபோல ஒரு தடவை புரட்டிவிட்டு மேஜையில் வைத்தார்.

"மேடம், நான் நிஜ மூக்கைப் பார்க்கறவன். நீங்க படத்தைப் பார்க்கறவங்க. நூத்துக்கணக்குல இந்த அறுவை பண்ணியிருக்கேன். யாரும் இப்படிச் சொன்னதில்லை."

"சொல்லியிருப்பாங்க" என்றாள் சைரன். "உங்களுக்குக் காது கேட்டிருக்காது. காது டாக்டரும் நீங்கதானே, முதல்ல அதைப் பார்த்துக்கங்க."

என் கணவர் கூரையைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமலாக்கி மறைத்தேன். மருத்துவர் சிரிக்கவில்லை.

நான் கேட்டது ஒன்றுதான். வெட்டிய மடிப்பு இருந்த இடத்தில் உப்புநீரில் நனைத்த பஞ்சுச் சுருள் ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். பஞ்சு வழியைக் குறுக்கும். காற்று சுவரை உரசிக்கொண்டு போகும். கம்ப்யூட்டரில் எட்டு இடங்களில் பொய்ச்சதை வைத்துப் பார்த்திருந்தேன். ஒரே ஓர் இடத்தில் வைத்தபோதுதான் குளிர்ச்சி திரும்பியது. அந்த இடத்தைப் படத்தில் குறித்துக் கொண்டுபோயிருந்தேன்.

"பஞ்சு எங்க வைக்கணும்னு கம்ப்யூட்டர் எனக்குச் சொல்லித் தருது" என்றார் அவர். பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "சரி. நாலு தரம் வைக்கறேன். சில தரம் நீங்க சொன்ன இடத்துல, சில தரம் வேற இடத்துல. எதுன்னு சொல்ல மாட்டேன். இது மனசுதான்னு நீங்களே தெரிஞ்சுக்குவீங்க."

"வைங்க" என்றாள் சைரன்.

ஒவ்வொரு தரமும் எந்த இடம் என்று ஒரு தாளில் எழுதி, மடித்து, என் கணவர் கையில் கொடுத்தார். பிறகு நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு இடுக்கியை எடுத்தார்.

முதல் தடவை கால்மணி நேரம் காத்திருந்தோம். "ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு. மூச்சு அதே மூச்சுதான்" என்றாள்.

இரண்டாம் தடவை வைத்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். நெஞ்சு மட்டும் ஏறி இறங்கியது. கண்களை மூடிக்கொண்டாள். மூடிய இமைகளுக்கடியிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருது" என்றாள். சைரன் என்று பெயரெடுத்தவளின் குரல் எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஜில்லுன்னு வருது."

மூன்றாம் தடவை, "இல்லை" என்றாள் உடனே. நான்காம் தடவை பேசாமல் கையை மட்டும் உயர்த்தினாள். பிரித்துப் பார்த்தபோது நான்கு தாள்களும் அவள் சொன்னபடியே இருந்தன.

"நாலு தரம் ஒத்துப்போறது தற்செயலாவும் இருக்கலாம்" என்றார் மருத்துவர்.

"அப்ப நாப்பது தரம் வைங்க. நான் எங்கயும் போகலை."

அவர் பஞ்சை எடுக்க இடுக்கியை நீட்டினார். சைரன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். பலகை தூக்கிய கை. அவரால் அசைக்க முடியவில்லை.

"எடுக்காதீங்க."

"எடுத்தாகணும்மா. உள்ள விட்டுவைக்க முடியாது."

"இன்னும் கொஞ்ச நேரம்."

அவர் கையை இழுப்பதை நிறுத்தினார். சில நிமிடங்கள் போயின. பிறகு அவளே பிடியை விட்டாள். அவர் பஞ்சை எடுத்துத் தட்டில் போட்டார். அவள் மறுபடியும் வாயால் மூச்சு விடத் தொடங்கினாள்.

வெளியே வரும்போது மற்ற மூன்று எண்களையும் எழுதி அவர் மேஜையில் வைத்தேன். "இவங்களையும் கூப்பிட்டுக் கேளுங்க டாக்டர்."

"உங்க ஆய்வுக்கூடத்துக்கு இனிமே என்கிட்டேருந்து ஸ்கேன் வராது" என்றார். அந்தக் காகிதத்தை அவர் கிழிக்கவில்லை. கூப்பிட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

படியிறங்கும்போது சைரன் தடுமாறினாள். நான் கையைப் பிடித்தேன். "தொடாதீங்க" என்றாள். 'நீங்க' திரும்பி வந்திருந்தது. அதில் அன்பு ஒன்றும் இல்லை.

அடுத்து நடந்தவை வேகமாக நடந்தன. கட்டுரையிலிருந்து என் பெயர் நீங்கியது. என்னை மூக்கிலிருந்து எடுத்து, கட்டடங்களுக்குள் காற்றோட்டம் பார்க்கும் வேலையில் போட்டார்கள். நடைபாதைப் படத்தை மட்டும் யாரும் எடுக்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் நானே நாற்காலி போட்டு ஏறிக் கழற்றினேன். பார்த்தவர்கள் பார்க்காததுபோலப் போனார்கள்.

வேறு ஊரில் ஒரு பெண் மருத்துவர் என் படத்தையும் பஞ்சுச் சோதனையையும் பார்த்துவிட்டு, சைரனின் காதுக் குருத்தெலும்பில் ஒரு துண்டை எடுத்து அந்த இடத்தில் பதித்தார். இரண்டு தடவை செய்ய வேண்டியிருந்தது. "முழுசா இல்லை, முக்கால்வாசி வருது" என்று அண்ணனிடம் சொன்னாளாம். தன் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பின்னறையைப் பளிச்சென்று பெருக்கி வைத்துவிட்டுப் போயிருந்தாள், எனக்கு எதுவும் பாக்கி வைக்கக் கூடாது என்பதுபோல.

ஆனால் மரத்தூள் கணக்கையும் அந்த மருத்துவருக்கு நான் அனுப்பியிருந்தேன். அவர் தொழிற்சாலைக்கு எழுதிவிட்டார். சைரனைத் தேய்க்கும் பிரிவிலிருந்து எடுத்து, பொட்டலம் கட்டும் இடத்தில் போட்டார்கள். அவளுடைய பன்னிரண்டு பேரும் வேறொருவனுக்குக் கீழே போனார்கள். அன்று மதியமே தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"என்னைக் கேட்டீங்களா?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லியிருப்பே."

"சொல்லியிருப்பேன்தான். அது என் நெஞ்சு, என் வேலை. உங்களுக்கு மனுஷங்களைக் கேக்கற பழக்கமே கிடையாதா?"

"அந்தத் தூளுல இன்னும் பத்து வருஷம் நின்னா..."

"தெரியும்! நீங்க சொல்றது சரிதான்னு தெரியும். அதனாலதான் இன்னும் எரியுது." வைத்துவிட்டாள்.

ஐந்து மாதம் ஒரு செய்தியும் இல்லை. பிறகு ஒரு நாள் காலை, என் புதிய அறை வாசலில் யாரோ உரக்கப் பேசும் சத்தம் கேட்டது. அந்தக் குரல் கட்டடம் முழுக்கக் கேட்டிருக்கும். எட்டிப் பார்த்தேன். சைரன் நின்றிருந்தாள், பின்னால் இரண்டு பெண்களும் ஓர் ஆணும். மூவர் கைகளிலும் ஸ்கேன் உறைகள். மூவரும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தேய்க்கற பிரிவு ஆளுங்க" என்றாள். "மூக்கடைப்பு. அதே டாக்டர். அடுத்த மாசம் மூணு பேருக்கும் தேதி கொடுத்திருக்கார்."

"நான் இப்ப மூக்கு பார்க்கறதில்லை. வேலையை மாத்திட்டாங்க."

"தெரியும், அண்ணன் சொன்னார். கம்ப்யூட்டரையும் பிடுங்கிட்டாங்களா?"

"இல்லை."

"அப்பறம் என்ன? இவங்க மேல கத்தி படறதுக்கு முன்னாடி பாருங்க. எவ்வளவு எடுக்கலாம், எங்க கையே வைக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுங்க. அதை அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."

அந்த மருத்துவர் என்ன பாடு படப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று உறைகளையும் வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, இருந்த நாற்காலிகளை இழுத்துப் போட்டேன். ஆண் தயங்கித் தயங்கி நின்றார்.

"உக்காருண்ணே" என்றாள் சைரன் அவரிடம். "அவங்களுக்கு நல்லாப் பேச வராது. வேலை தெரியும்."

அவள் மட்டும் உட்காரவில்லை. நான் முதல் உறையைப் பிரித்தேன். பிறகு ஏதோ தோன்றி, அதை அப்படியே வைத்துவிட்டு, அந்த மனிதர் பக்கம் திரும்பினேன்.

"முதல்ல நீங்க சொல்லுங்க" என்றேன். "மூச்சு எப்படி இருக்கு?"

அவர் பேசத் தொடங்கினார். சைரன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு, நான் கேட்கிறேனா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.